கங்காரு சபைக்குள் வந்த கதை

ஒரு மசோதாவுக்கு எழுநூறு திருத்தங்கள் வந்து குவிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சில, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடச் சொல்கின்றன. சில, ஒரே கோரிக்கையை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதிக் கொடுத்தவை. சில, மசோதாவின் உயிர்நிலையிலேயே கை வைக்கின்றன. வேறு சில நேரத்தைக் கடத்துவதற்கென்றே எழுதப்பட்டவை. சபைக்கு இருப்பதோ நாலைந்து நாள். எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதோடு சேர்த்துப் பேசச் சொல்வது?

இன்று இதை முடிவு செய்பவர் சபாநாயகர். அந்த நாற்காலியில் இருக்கும் அதிகாரங்களிலேயே வெளியில் அதிகம் தெரியாததும், பலன் பெரிதாக இருப்பதும் இதுதான் என்பேன். ஒரு திருத்தம் விவாதத்துக்கு வரவில்லை என்றால் அதற்கு ஓட்டும் இல்லை. ஓட்டு இல்லாவிட்டால், யார் அதை ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பதிவும் இல்லை. இந்த அதிகாரம் அந்தக் காலத்து ராஜாக்கள் கொடுத்துவிட்டுப் போனதல்ல. லண்டனில், பிரிட்டிஷ் மக்களவையில், 1881-க்கும் 1919-க்கும் நடுவே சண்டையும் கூச்சலுமாகப் பிறந்தது. அந்த வழியில் வந்த விதிகள்தான் டெல்லியிலும் இருக்கின்றன என்பதால் அதன் பிறப்பை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தச் சபையில் விவாதத்தை நிறுத்த எந்த விதியும் கிடையாது. பேச எழுந்தவர் பேசி முடித்து, அடுத்து எழ யாரும் இல்லாதபோதுதான் சபாநாயகர் கேள்வியை ஓட்டுக்கு விடலாம். நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து 'சபையை ஒத்திவைக்க வேண்டும்' என்று ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். அதையும் விவாதிக்க வேண்டும், அதற்கும் ஓட்டு எடுக்க வேண்டும். உறுப்பினர்கள் பெரும்பாலும் ஒரே வர்க்கத்திலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஏற்பாடு முழுவதும் அந்த இங்கிதத்தின் மேல்தான் நின்றது.

அயர்லாந்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த இங்கிதத்தைக் காப்பாற்ற ஒரு காரணமும் இல்லை. 1801-ல் டப்ளினில் இருந்த அவர்களுடைய நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு லண்டனோடு சேர்க்கப்பட்டது. 1840-களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். குத்தகை விவசாயிகளைப் பண்ணையார்கள் நிலத்திலிருந்து விரட்டுவது அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்துகொண்டு எதையும் வென்றெடுக்க முடியாது என்று கண்டவர்கள், சபையின் நேரத்தைக் கையில் எடுத்தார்கள்.

அதைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் ஜோசப் பிகர். பெல்ஃபாஸ்டில் பன்றி இறைச்சி வியாபாரம் செய்தவர். 1875 ஏப்ரல் 22 அன்று, அயர்லாந்து அடக்குமுறைச் சட்டம் ஒன்றின் மேல் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேசினார். அரசாங்க அறிக்கைகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்தார். குரல் தேய்ந்து காதில் விழவில்லை என்று சபாநாயகர் சொன்னபோது, தண்ணீர் டம்ளரையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, வேண்டுமானால் முதலிலிருந்து மறுபடி சொல்கிறேன் என்றார். சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்ற இளைஞர் உறுப்பினராக முதன்முதலில் சபைக்குள் வந்து அமர்ந்ததும் அதே நாள்தான். பிகர் தனி ஆளாகச் செய்ததைப் பார்னெல் ஒரு கட்சியின் போர்முறையாக ஆக்கினார். 1877-ல் தென்னாப்பிரிக்கா மசோதாவின் மேல் ஒரு கைப்பிடி ஐரிஷ் உறுப்பினர்கள் சபையை 26 மணி நேரம் தொடர்ந்து உட்கார வைத்தார்கள்.

1881 ஜனவரியில் கிளாட்ஸ்டன் அரசு அயர்லாந்துக்கு இன்னொரு அடக்குமுறை மசோதாவைக் கொண்டுவந்தது. சந்தேகத்தின் பேரில் ஒருவரை விசாரணையின்றிச் சிறையில் வைக்கலாம் என்பது அதன் சாரம். மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்கும் கட்டத்திலேயே ஐரிஷ் உறுப்பினர்கள் மறித்தார்கள். ஜனவரி 31 திங்கட்கிழமை பிற்பகல் கூடிய சபை செவ்வாய் முழுவதும் நடந்தது. செவ்வாய் இரவும் நடந்தது. உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு தூங்கப் போனார்கள். நாற்காலியில்கூட ஆள் மாற வேண்டியிருந்தது. சபாநாயகர் ஹென்றி பிராண்ட் ஓய்வெடுத்த நேரத்தில் லையன் பிளேஃபேர் அமர்ந்து நடத்தினார்.

புதன், பிப்ரவரி 2. காலை ஒன்பது மணி. பேசிக்கொண்டிருந்தவர் பிகர். பிராண்ட் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். பிகரை மேற்கொண்டு பேச அழைக்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்து வாசித்தார். சபை கிட்டத்தட்ட 41 மணி நேரமாக நடக்கிறது, வழக்கமான விதிகள் பயனற்றுப் போய்விட்டன, சபையின் கௌரவத்தைக் காக்க நாற்காலி தலையிட்டே ஆக வேண்டும், ஆகவே இனி யாரையும் பேச அழைக்க மாட்டேன், கேள்வியை ஓட்டுக்கு விடுகிறேன் என்றார். அப்படிச் செய்ய அவருக்கு எந்த விதியும் இடம் தரவில்லை. முழுக்க முழுக்கத் தன் சொந்தப் பொறுப்பில் செய்தார்.

இது திடீரென்று எடுத்த முடிவும் அல்ல. முன்பே பிரதமரிடம் பேசி வைத்திருந்தார். பேசியபோது ஒரு நிபந்தனையும் போட்டார்: இந்த ஒரு தடவை நான் செய்கிறேன், ஆனால் விவாதத்தை ஒழுங்குபடுத்த, ஒன்று சபைக்கு அதிகாரம் கொடுங்கள், அல்லது சபாநாயகருக்குக் கொடுங்கள், விதியை எழுதுங்கள். விதி இல்லாத ஒரு செயலைச் செய்த கையோடு அதற்கு விதி கேட்டவர் என்பதால் பிராண்ட் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தக் காலையில் அவர் ஓட்டுக்கு விட்ட முதல் விஷயம் ஒரு திருத்தம். டப்ளின் உறுப்பினர் டாக்டர் லயன்ஸ் கொண்டுவந்தது. பேச்சை வெட்டிய பிராண்ட் எண்ணிக்கையை வெட்டவில்லை. உறுப்பினர்கள் இரண்டு தாழ்வாரங்களுக்குள் நடந்து போனார்கள், தலைகள் எண்ணப்பட்டன. 164-க்கு 19. தோற்றவர்கள் 19 பேர் என்பது பதிவாகி நின்றது. அடுத்த கேள்வியை விட்டபோது ஐரிஷ் உறுப்பினர்கள் 'உரிமை, உரிமை' என்று கத்திக்கொண்டே வெளியேறினார்கள். மறுநாள் 36 ஐரிஷ் உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த மசோதா சட்டமாகி, அதே ஆண்டு அக்டோபரில் அதே சட்டத்தின் கீழ் பார்னெலே சிறைக்குப் போனார். யாருடைய வாயை மூடுவதற்காக இந்த விதிகள் பிறந்தன என்பதை மறக்கக் கூடாது. வேண்டுமென்றே சபையை முடக்கினார்கள் என்பது உண்மை. முடக்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆயுதம் இல்லாமல் இருந்தது என்பதும் உண்மை.

விதி 1882-ல் வந்தது. விவாதம் போதும் என்று சபை நினைக்கிறது என்பது சபாநாயகருக்குத் தெளிவாகத் தோன்றினால் முடித்துவைக்கலாம். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும்தான் முடிக்கும். அடுத்த திருத்தம் காத்துக்கொண்டிருக்கும்; அதற்கு அடுத்தது அதன் பின்னால் நிற்கும். எனவே 1887-ல், இன்னொரு அயர்லாந்து குற்றவியல் மசோதாவின்போது, அரசு கில்லட்டினைக் கொண்டுவந்தது. ஜூன் 17 இரவு பத்து மணிக்கு விவாதம் எந்த இடத்தில் இருந்தாலும் சரி, மீதிப் பிரிவுகள் எல்லாம் பேச்சில்லாமல் ஓட்டுக்குப் போகும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். 1893-ல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மசோதாவுக்கும் அதே கத்தி வந்தது. ஜூலை 27 இரவு பத்து மணிக்குக் கத்தி இறங்கும் நேரத்தில் உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே கைகலந்தார்கள். சபாநாயகர் பீலை வரவழைத்து நாற்காலியில் உட்கார வைத்த பிறகுதான் அமைதி திரும்பியது.

கில்லட்டினின் குறை என்ன? திருத்தங்கள் மசோதாவின் வரிசைப்படி வரும். முதல் பிரிவு, முதல் வரி, முதல் சொல் என்று தொடங்கி முன்னேற வேண்டும். முன் பக்கத்தில் இருக்கும் அற்பத் திருத்தங்களுக்கு மணிக்கணக்கில் நேரம் போகும். கத்தி விழும்போது, பத்தாவது பிரிவில் இருக்கும் முக்கியமான திருத்தத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். மறிப்பவனும் நேர்மையாகத் திருத்தம் கொடுத்தவனும் ஒரே கத்திக்குப் பலி. நேரத்துக்கு எல்லை வைத்தார்கள். அந்த நேரத்துக்குள் எது பேசப்பட வேண்டும் என்பதற்கு வழி வைக்கவில்லை.

அந்த வழி 1909-ல் திறந்தது. நிதி அமைச்சர் லாய்ட் ஜார்ஜ் ஏப்ரல் 29 அன்று தாக்கல் செய்த பட்ஜெட், முதியோர் ஓய்வூதியத்துக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் தேட நிலத்தின் மேல் கை வைத்தது. உடைமையாளர் உழைப்பின்றி நிலத்தின் மதிப்பு ஏறினால், அந்த ஏற்றத்தில் 20 சதவீதம் வரி. நிலக்கிழார்கள் பக்கம் நின்ற எதிர்க்கட்சி ஒவ்வொரு வரியிலும் சண்டை போட்டது. நிதி மசோதா மக்களவையில் 70 நாட்களை விழுங்கியது. 554 தடவை டிவிஷன் நடந்தது. ஒரு டிவிஷன் என்றால் மணி அடித்து, உறுப்பினர்கள் வந்து, தாழ்வாரங்களில் நடந்து, எண்ணி முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம். விடிய விடிய நடந்தார்கள்.

அந்தக் கோடையில், ஜூலை இறுதியில், சபை ஒரு புதிய நிலைவிதியை ஏற்றது. சபை ஒரு தீர்மானத்தின் மூலம் கேட்டுக்கொண்டால், குறிப்பிட்ட பிரிவுகளில் எந்தத் திருத்தங்களை எடுப்பது என்று தலைமை வகிப்பவரே பொறுக்கி எடுக்கலாம். எடுக்காதவற்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் இதற்குக் கங்காரு என்று பெயர் விழுந்தது. 1919-ல் சபையின் தனித் தீர்மானம் வேண்டும் என்ற நிபந்தனையும் போய், தேர்ந்தெடுக்கும் அதிகாரம் நாற்காலிக்கு நிரந்தரமாக வந்துவிட்டது. லாய்ட் ஜார்ஜ் அப்போது பிரதமராக இருந்தார். இன்றும் அங்கே 32-ஆம் நிலைவிதியாக அது இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கில்லட்டின் போட அரசுக்குப் பெரும்பான்மை போதும். கங்காருவை அரசு ஓட்ட முடியாது. நாற்காலிதான் ஓட்ட வேண்டும். அதனால்தான் ஒரு சிறு கட்சியின் நல்ல திருத்தமும் விவாதத்துக்கு வர வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் சபாநாயகர் கூட்டம் நடக்கும் நாளில் செயலர்களோடு உட்கார்ந்து திருத்தங்களைப் பார்க்கிறார். மசோதாவின் எல்லைக்குள் இருக்கிறதா, ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயமா, எத்தனை கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எடை போடுகிறார். ஒரே பொருள் பற்றியவற்றைக் கோத்து ஒரு தொகுப்பாக்குகிறார். தொகுப்பில் முதலாவது முன்மொழியப்படும். மற்றவை அதோடு சேர்த்துப் பேசப்படும். தேர்வுப் பட்டியல் ஒரு தாளில் வெளியாகும். அதில் எண்கள் இருக்கும், பெயர்கள் இருக்கும். காரணம் இருக்காது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதே மரபு. ஓட்டு சமமாக நின்றால் என்ன செய்வது என்பதற்கும் மரபு உண்டு: 1860-களில் சபாநாயகர் டெனிசன் வகுத்தபடி, திருத்தத்தில் சமநிலை வந்தால் நாற்காலி திருத்தத்துக்கு எதிராக ஓட்டுப் போடும், மூலம் இருந்தபடியே நிற்கும். 2019 ஏப்ரல் 3 அன்று பிரெக்ஸிட் விவாதத்தில் ஒரு திருத்தம் 310-310 என்று நின்றபோது சபாநாயகர் ஜான் பெர்கோ அப்படித்தான் செய்தார்.

காரணம் சொல்லாத மரபு நம்பிக்கை இருக்கும் வரைதான் தாங்கும். 2024 பிப்ரவரி 21 அன்று ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு ஒதுக்கிய விவாத நாளில், காசா போர்நிறுத்தம் பற்றிய அவர்கள் தீர்மானத்துக்கு அரசின் திருத்தத்தோடு தொழிற்கட்சியின் திருத்தத்தையும் சபாநாயகர் லிண்ட்சே ஹோய்ல் எடுத்துக்கொண்டார். அது வழக்கத்துக்கு மாறானது என்று சபையின் தலைமைச் செயலரே கடிதம் எழுதிப் பதிவு செய்தார். அரசு ஒதுங்கிக்கொண்டது, பலர் வெளிநடப்புச் செய்தார்கள், தொழிற்கட்சித் திருத்தம் எண்ணிக்கையே இல்லாமல் நிறைவேறியது. தங்களுக்கென்று ஒதுக்கிய நாளில் ஸ்காட்லாந்துக்காரர்களின் சொந்த வாசகத்துக்கு ஓட்டே நடக்கவில்லை. ஹோய்ல் அன்று மாலையே மன்னிப்புக் கேட்டார். அவர் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். நோக்கம் எதுவானாலும், ஒரு சிறிய கட்சி தன் தீர்மானத்துக்கான எண்ணிக்கையை இழந்தது.

நம் கதைக்கு வருவோம். இந்திய அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசமைப்புக்கு வந்த திருத்தங்கள் 7,635, முன்மொழியப்பட்டவை 2,473. இந்தக் கணக்கை 1949 நவம்பர் 25 அன்று தன் நிறைவு உரையில் சொன்னவர் அம்பேத்கர். கமாத், கே.டி. ஷா, குன்ஸ்ரு என்று சளைக்காமல் திருத்தம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கமா, சொல்வரிசை என்று எதையும் விடாமல் எழுதிக் கொடுத்த நசிருதீன் அகமதுவும் இருந்தார். இத்தனையையும் சபை எப்படிக் கடந்தது?

1948 குளிர்காலத்தில் ராஜேந்திர பிரசாத் இல்லாத நாட்களில் தலைமை வகித்தவர் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி, கல்கத்தாவின் ஆங்கிலப் பேராசிரியர். அந்த நாட்களின் பதிவுகளைப் படித்தால் அவர் கை வேலை செய்யும் விதம் தெரியும். அச்சடித்த பட்டியலை வைத்துக்கொண்டு எண் எண்ணாகப் போகிறார். இன்னின்ன எண்கள் ஒரே கருத்தைச் சொல்கின்றன, இதை மட்டும் முன்மொழியலாம் என்கிறார். இது வெறும் சொல் திருத்தம், அனுமதியில்லை என்கிறார். பிறகு, முன்மொழிய வாய்ப்புக் கிடைக்காத உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் திருத்தத்தை ஓட்டுக்கு விட வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டும் என்றால் விடுகிறார். இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. உமக்குப் பேச நேரம் தர முடியவில்லை. ஆனால் உமது கருத்துக்குச் சபையின் முடிவைப் பெறும் உரிமை உமக்கு உண்டு என்பது அதன் பொருள். 1881-ல் பிராண்ட் காத்ததும் இதைத்தான்.

மக்களவை விதிகளிலும் திருத்தங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் சபாநாயகருக்கு உண்டு. திருத்தம் கொடுத்தவரிடம் விளக்கம் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் நம் நாட்டில் கங்காருவைவிடக் கத்திதான் பழக்கமாகிவிட்டது. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளில் சில துறைகளைப் பேசிவிட்டு மீதியைக் கில்லட்டினில் போடுவது வழக்கம். 2018 மார்ச் 14 அன்று எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும், நிதி மசோதாவும், கூச்சலுக்கு நடுவே விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறின. 2023 மார்ச்சிலும் அதேபோல் நடந்தது. கூச்சலிட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இதைவிட எனக்கு வலிப்பது 2020 செப்டம்பர் 20. மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தன. அவற்றைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திமுகவின் திருச்சி சிவா கொடுத்திருந்தார். மார்க்சிஸ்ட் உறுப்பினர் கே.கே. ராகேஷும் கொடுத்திருந்தார். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கில் அவற்றைத் தள்ளினார். டிவிஷன் கேட்டார்கள், நடத்தவில்லை. அவை அமளியில் இருந்தது, கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. கேட்டபோது இருவரும் இருக்கையில்தான் இருந்தார்கள் என்று, அவைத் தொலைக்காட்சியின் காட்சிகளை வைத்து ஓர் ஆங்கில நாளேடு பின்னர் செய்தி வெளியிட்டது. அமளி நடந்தது உண்மை. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கமும் செய்யப்பட்டார்கள். ஆனால் 41 மணி நேர அமளிக்குப் பிறகும் பிராண்ட் தலைகளை எண்ணினார். இங்கே எண்ணவில்லை. அந்த மசோதாக்கள் அன்று எத்தனை ஓட்டில் நின்றன என்று இனி ஒருநாளும் யாராலும் சொல்ல முடியாது. ஓராண்டுக்கும் மேலாக விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ரத்து மசோதாவும் இரு அவைகளிலும் விவாதமின்றியே நிறைவேறியது.

திருத்தங்களைப் பொறுக்கி எடுக்கும் அதிகாரம் நாற்காலிக்கு வேண்டும் என்பதே என் கருத்து. அது இல்லாவிட்டால் கடைசிப் பிரிவுக்கு நியாயமே கிடைக்காது. ஆனால் ஓர் உறுப்பினர் டிவிஷன் கேட்டால் எண்ணியே ஆக வேண்டும். அவை அமளியில் இருந்தால் அமைதிப்படுத்திவிட்டு எண்ண வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் எண்ண வேண்டும். எடுக்காத திருத்தங்களுக்கு ஒரு வரிக் காரணமாவது பட்டியலில் அச்சாக வேண்டும் என்றும் கேட்பேன். அந்த ஒரு வரி லண்டனிலும் இல்லை.

மக்களவை, மாநிலங்களவை இரண்டின் விவாதங்களும் சொல்லுக்குச் சொல் அவற்றின் இணையதளங்களில் கிடைக்கின்றன. அடுத்த தடவை ஒரு மசோதா 'நிறைவேறியது' என்று செய்தி வரும்போது, அந்த நாளின் பதிவைத் திறந்து பாருங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் திருத்தம் ஏதாவது கொடுத்தாரா, அது எடுக்கப்பட்டதா, யாராவது டிவிஷன் கேட்டார்களா, கேட்டபோது நாற்காலி என்ன சொன்னது என்று படியுங்கள். படித்துவிட்டு, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.